காணும் பொங்கல் முக்கொம்பு: எங்கள் குடும்பத்தில் எப்போது தொடங்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜீயபுரத்தான்:
வருஷா வருஷம் காணும் பொங்கலன்று எங்கள் குடும்பம் திருச்சிப் பக்கம் காவிரிக்கரையில் இருக்கும் முக்கொம்பில் கூடும். தாத்தாவின் கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாரும் சேர்ந்தால் இப்போது ஒரு பஸ் போதாது. 2022இல் மட்டும் ஜனவரி 16 ஞாயிறு முழு ஊரடங்கில் மாட்டி யாரும் போகவில்லை. இதன் கதையை எழுதி, அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று பார்த்தால் முதல் வரியிலேயே சிக்கல். தாத்தா மாட்டு வண்டி கட்டிக் கூட்டிப்போனதுதான் ஆரம்பம், அறுபதுகளில், ஆறு செக்கச்செவேல் என்று போகும், நாங்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடுவோம் என்கிறார் பெரியப்பா. அத்தையோ, "அதெல்லாம் சும்மா, பொம்பளைங்க நாங்கதான் சோறு கட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சோம், என் கல்யாணத்துக்கு அடுத்த பொங்கல்" என்கிறார். வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாகச் சண்டை. என்ன செய்வது?

குளித்தலை_மாமா:
தம்பி, பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் இப்படித்தான். ஊருக்கே நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். 1977 நவம்பரில் திருச்சி வெள்ளத்தில் மிதந்ததே, அதற்கு முன்னாலா பின்னாலா? எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24, அடுத்த மாதமே பொங்கல், அந்த வருஷம் போனீர்களா? அப்புறம் ஆற்றில் தண்ணீர். மேட்டூரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம் என்பதால் பொங்கலுக்குத் தண்ணீர் ஓடும். ஆற்று மணலில் கபடி ஆடினோம் என்று யாராவது சொன்னால் அது வறட்சி வருஷம்.

கொள்ளிடக்கரை:
மாமா சொல்வது காவிரிப் பக்கத்துக்குச் சரி. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறதே, கொள்ளிடத்தில் மிச்சத் தண்ணீர்தான் விடுவார்கள், நல்ல வருஷத்திலும் பொங்கலுக்கு அங்கே மணல்தான். எந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்தார்கள் என்று கேட்காமல் வறட்சி என்று முடிவு கட்ட வேண்டாம். படம் இருந்தால் பின்னணியைப் பாருங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணையில் 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன, இப்போது நிற்கும் கதவணை அதற்குப் பிறகு வந்தது. பழைய மதகு வரிசை முழுதாகத் தெரிந்தால் அதற்கு முந்தின படம்.

ஸ்ரீரங்கத்து_மருமகள்:
யாருமே கவனிக்கவில்லையா? சப்பரம் இழுப்பது ஆடிப்பெருக்குக்கு! செக்கச்செவேல் தண்ணீரும் ஆடிப் புதுவெள்ளம்தான், தை மாதம் ஆறு தெளிந்துவிடும். உங்கள் பெரியப்பா சொல்வது வேறு நாள். காதோலை கருகமணி விட்டதும் அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, சமைத்தவர்களிடம் கேளுங்கள். என் மாமியார் ஒரு பழைய டைரியில் புளியோதரைக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு நல்லெண்ணெய், யார் வீட்டு அண்டா என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு வருஷம் 5 படி, அடுத்த வருஷம் 8 படி. பேசாமல் இருந்த இரண்டு சம்பந்தி வீடுகள் சமாதானம் ஆன வருஷம் அது. ஆம்பளைகள் யாரும் அதை எங்களுக்குச் சொன்னதில்லை.

ஜீயபுரத்தான்:
அக்கா, கேட்டுவிட்டேன். காதோலை கருகமணி, காப்பரிசி, ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றியது, எல்லாம் பெரியப்பாவே வரிசையாகச் சொல்கிறார், சந்தேகமே இல்லை, ஆடிப்பெருக்கு. அத்தைக்குக் கல்யாணம் 1977 ஆவணியில், நவம்பர் வெள்ளத்தில் புகுந்த வீட்டுச் சுவர் இடிந்ததாம், மனசு சரியில்லை என்று தைப்பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்தபோது சித்திகள் எல்லாரும் சேர்ந்து கிளம்பியிருக்கிறார்கள். ஆக, 1978. அத்தை ஜெயித்துவிட்டார். தாத்தாவின் ஆடிப்பெருக்கு வண்டியைத் தனி அத்தியாயமாகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இனி இதைப் பெரியப்பாவிடம் சொல்ல ஆள் தேட வேண்டும்.

குளித்தலை_மாமா:
சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்க தம்பி.