பள்ளிக்கால நட்பை வயதான பிறகும் கட்டிக்காக்க வேண்டுமா?

அம்பை (அம்பாசமுத்திரம்) வாசகர்:
ஐம்பதைத் தாண்டியவர்கள் பழைய நட்பைத் தேடிப் போக வேண்டும் என்பது என் கட்சி. 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. என் நண்பன் தட்டு கொண்டுவராத நாட்களில் இருவரும் ஒரே அலுமினியத் தட்டில் சாப்பிடுவோம். அவன் பங்குக்கு என் சாம்பார் ஓடிவிடாமல் நடுவில் சோற்றாலேயே வரப்பு கட்டுவோம். என் அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா என்னைக் கூப்பிட்ட செல்லப்பெயர் தெரிந்தவன் இன்று அவன் ஒருவன்தான். வள்ளுவரும் ‘பழைமை’ என்றே தனி அதிகாரம் வைத்திருக்கிறார்.

கடலூர் ஆசிரியை:
அதற்கு முந்தைய அதிகாரம் ‘நட்பாராய்தல்’, அடுத்தது ‘தீ நட்பு’. வெறும் பழக்கத்தை வள்ளுவர் நம்பவில்லை, ஐயா. எனக்கு 19 வயதில் திருமணம். அதன்பின் தோழிகளின் முகவரிகூடக் கைவசம் இல்லை. உங்களுக்கு டீக்கடை இருந்தது, ஆற்றங்கரை இருந்தது. எங்களுக்கு எது இருந்தது? என் கணவர் மருத்துவமனையில் கிடந்த பதினோரு நாளும் சோறு கட்டிக்கொண்டு வந்தவர், என் 45 வயதில் பழக்கமான எதிர்வீட்டு அம்மா. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சேர்ந்து வளர்ந்தவர்களா? பார்த்துப் பழகாமலேயே நண்பரானவர்கள். சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்த இடம் தேடி ஆந்தையார் வந்தார்.

அம்பை வாசகர்:
அம்மா, ஆந்தையாரைப் போன்ற நட்பு ஊருக்கு ஒன்று வாய்ப்பதே அரிது, அதனால்தான் பாடிவைத்தார்கள். எல்லோருக்கும் கிடைப்பது கூட வளர்ந்தவர்கள்தான். எதிர்வீட்டு அம்மாவின் அன்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பாவாடை சட்டையில் ஓடியதை அவர் பார்த்ததில்லையே.

விருதுநகர் தோழர்:
அண்ணன், ஒன்று கேட்கிறேன். உங்கள் நண்பர் உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாரா? என் சிநேகிதன் வீட்டில் எனக்குத் திண்ணை வரைதான் அனுமதி. தண்ணீர் கேட்டால் அவன் பாட்டி செம்பை உயரத் தூக்கி என் கையில் ஊற்றுவார். பள்ளியில் ஒரே தட்டு, தெருவில் வேறு நியாயம். இன்றும் பழைய மாணவர் கூட்டங்களில் அவன் என்னைக் கட்டிக்கொண்டு, “எங்கள் வீட்டில் எவ்வளவு விளையாடியிருக்கிறோம்!” என்கிறான். உண்மையான அன்புதான். ஆனால் அந்தச் செம்பு அவன் நினைவில் இல்லை. என் நினைவில் இருக்கிறது. இதைப் பேசாமல் நட்பைப் போற்று என்றால் என்னால் முடியவில்லை.

கடலூர் ஆசிரியை:
இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி, தம்பி.

அம்பை வாசகர்:
தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. என் நண்பனும் திண்ணை வரைதான் வந்தான். அம்மா என்னைக் கூப்பிட்டதை வெளியே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறான். காலையில் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “நாற்பது வருடமாக நீ கேட்பாய் என்றுதான் இருந்தேன்” என்றான். குரல் உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். முதல் பஸ்ஸில் போகிறேன்.