மறு: பெரியவர் மறுபடி பதின்ம வயதுக்குப் போகும் நகைச்சுவைப் படங்கள் – கலைச்சொல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. யார் எதற்குப் பதில் சொல்கிறார் என்பதே குழம்பிவிட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மாயத்தால் ஒரு பெரியவர் பதின்ம வயதுப் பிள்ளையாகிவிடும் நகைச்சுவைப் படங்களுக்குத் தமிழில் ஒரு வகைப்பெயர் வேண்டும். "இளமை மீட்சிப் படம்" என்று போடலாமா?
> – மன்னார்குடி

வேண்டாம் தங்கச்சி. கடனிலிருந்து மீட்சி, நோயிலிருந்து மீட்சி என்று புழங்குகிற சொல் அது. இளமையோடு சேர்த்தால் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லேகிய நோட்டீஸ்தான் கண்ணுக்கு வருகிறது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம். எது திரும்பிவந்தது, எது அப்படியே இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. இந்த வகைப் படத்தில் சிரிப்பு முழுக்க அந்த "அப்படியே இருக்கிற" பாதியில்தான் கிடக்கிறது.

நீங்கள் முதலில் காட்டிய '17 அகெய்ன்' (2009) படத்தையே பாருங்கள். மைக்குக்கு 37 வயது. எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது, மனைவி விவாகரத்துக்கு நிற்கிறாள், இவன் நண்பன் வீட்டில் ஒண்டியிருக்கிறான். தான் படித்த பள்ளிக்கூடத்துப் பணியாளர் ஒருவரிடம் பேசிவிட்டு வந்தவன், பாலத்திலிருந்து சுழலுக்குள் விழுந்து எழுந்து பார்த்தால் உடம்புக்கு வயது 17. நாள்காட்டி மாறவில்லை. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ ஒரு நாள்கூடக் குறையவில்லை. தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே போய்ச் சேர்கிறான், அப்பாவாக நடிக்க வருவது அந்த நண்பன். மகள் பழகுகிற பையனைப் பார்த்ததும் அப்பன் புத்தி பொங்குகிறது. அதட்டினால் யார் கேட்பார்கள்? பக்கத்து பெஞ்சுப் பையன் ஏதோ உளறுகிறான் என்று போய்விடுவார்கள்.

ஆக, உடம்பு மட்டும் பின்னால் போயிருக்கிறது. ஆள் அதே ஆள், காலம் அதே காலம். சொல் இதைத் தாங்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் இழையில் ஒரே மூட்டையாகக் கட்டிய படங்களில் பாதி வெளியே போய்விடும். 'பிக்' (1988) சிறுவன் பெரியவனாகும் கதை, எதிர்த்திசை. 'மங்கி பிசினஸ்' (1952) இன்னும் வேடிக்கை. ஆய்வுக்கூடத்துக் குரங்கு கலக்கிய மருந்து குடிதண்ணீரில் போய்ச் சேர்கிறது; குடித்த கேரி கிராண்டுக்கு உடம்பு அப்படியே இருக்க, புத்தி மட்டும் இளசாகிவிடுகிறது. 'பெக்கி சூ காட் மேரீட்' (1986) படத்தில் காலமே 1960-க்குத் திரும்பிவிடுகிறது. நம் 'ஓ மை கடவுளே' (2020) படமும் அந்தக் கணக்குதான். விஜய் சேதுபதி வடிவில் வந்த கடவுள் சீட்டைக் கொடுத்துக் கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக்கு அனுப்பிவிடுகிறார். யாரோ 'டிராகன்' (2025) பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். 48 அரியரை முடிக்க மறுபடி கல்லூரிக்குப் போகிறவனிடம் என்ன மாயம் இருக்கிறது? அரியர் வைத்த எல்லாருக்கும் நடப்பதுதானே.

> கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம்மிடம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?
> – கும்பகோணம்

இருக்கிறது ஐயா. அதுவும் உங்களுக்கும் மாயவரத்துக்கும் நடுவில், திருவாவடுதுறைப் பக்கத்துச் சாத்தனூரில் நடந்ததாகவே இருக்கிறது. மாடு மேய்க்கிற மூலன் இறந்துபோக, மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுவதைக் காணப் பொறுக்காமல் சித்தர் அவன் உடலுக்குள் புகுந்தார், திருமூலரானார். சாயங்காலம் மாடுகள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு மூலனின் மனைவி வந்து அழைக்கிற இடம் இருக்கிறதே, இன்றைக்கு எடுத்தால் இடைவேளைக் காட்சி அதுதான். ஆனால் அங்கே ஒரு உயிர் இன்னொருவர் உடம்புக்குப் போகிறது. நமக்கு வேண்டியதில் உடம்பும் தன் உடம்பேதான்.

ஐயா சொன்ன சொல்லை, தாயும் மகளும் உடம்பு மாறிக்கொள்ளும் 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' (1976, 2003) வகைக்குக் "கூடுபாய்ச்சல் படம்" என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு முழுச் சம்மதம். அந்த வகை பழையது. எஃப். ஆன்ஸ்டி 1882-ல் எழுதிய 'வைஸ் வெர்சா' நாவலில் அப்பனையும் மகனையும் இடம் மாற்றிவிடுவது இந்தியாவிலிருந்து போன ஒரு கருடக் கல். பழி நம் தலையில்தான் விழுந்திருக்கிறது! 1987, 1988-ல் ஹாலிவுட்டில் அடுத்தடுத்து வந்த 'லைக் ஃபாதர் லைக் சன்', 'வைஸ் வெர்சா', '18 அகெய்ன்' மூன்றும் கூடுபாய்ச்சல்தான். கடைசிப் படத்தில் 81 வயதுத் தாத்தாவும் பேரனும் மாறிக்கொள்கிறார்கள். இதே பெயரில் 2020-ல் வந்த கொரியத் தொடர் வேறு. அது '17 அகெய்ன்' படத்தின் மறுவாக்கம். பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடாதீர்கள்.

மாயவரம் தம்பி சொன்ன "என்றும் பதினாறு" காதுக்கு இனிமை. ஆனால் மார்க்கண்டேயனுக்கு வயது திரும்பவில்லை தம்பி, நின்றுவிட்டது. திருக்கடையூர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அங்கே அறுபதாம் கல்யாணத்துக்கு உட்காருகிற ஜோடிகள். மாமா பட்டு வேட்டியும் மாலையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், போட்டோக்காரர் "சார், அம்மாவைப் பாத்துச் சிரிங்க" என்பார், பேத்திகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். உடம்பு அறுபது, வேடம் மாப்பிள்ளை. நம் படங்களைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான் வரும்.

இனி சிதம்பரத்து நண்பரின் "இளமையாக்கம்". இழையில் வந்ததிலேயே பொருளுக்கு மிக அருகில் நிற்பது இது. தில்லையில் வாழ்ந்த நாயனார் திருநீலகண்டரும் மனைவியும், ஒரு பழைய சபதத்தால், ஒரே வீட்டில் ஒருவரையொருவர் தொடாமலே கிழவராகிவிட்டார்கள். சிவயோகியாக வந்தவர் திருவோட்டைக் கொடுத்துவைத்து, அதை மறைத்து, வம்புக்கு இழுத்து, மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். ஆளுக்கொரு முனையாக மூங்கில் தண்டைப் பிடித்து மூழ்கியவர்கள் இளமையோடு எழுகிறார்கள். அந்தச் சுவாமிக்கே அங்கே இளமையாக்கினார் என்று பெயர். தன் உடம்பு, தன் நினைவு, அதே காலம் – எல்லாம் பொருந்துகிறது.

இருந்தும் எனக்கு ஒரு உறுத்தல். "ஆக்கம்" என்று வந்தால் கவனம் செய்கிறவர் மேல் போய்விடுகிறது. நீலகண்டர் கதையில் அது சரிதான், செய்தவர் சிவன். படங்களில் கதை முழுக்க ஆனவர் மேல். தவிர, தில்லையில் ஊரே பார்க்க நடந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் அங்கே நகைச்சுவைக்கு வேலையில்லை. நம் ஆள் படம் முழுக்க ஒளிந்து திரிய வேண்டும். அதனால் "இளமையாக்கி" என்ற சொல்லை அந்த மாயத்தைச் செய்கிற பாத்திரத்துக்கு வைத்துக்கொள்வோம் என்கிறேன். '17 அகெய்ன்' பள்ளிப் பணியாளர் ஒரு இளமையாக்கி. பாட்டி ஒருத்தி குமரியாகும் 'மிஸ் கிரானி' (2014) என்ற கொரியப் படத்துப் புகைப்பட நிலையக்காரர் இன்னொரு இளமையாக்கி.

"பதின்" வரும் சொற்கள் எதுவும் எனக்கு ஒப்பவில்லை. பதின்மர் என்றால் பத்துப் பேர். அதுகூடப் போகட்டும், பதினொன்றில் "பதின்" இருக்கிறது, பத்தொன்பதில் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதுக்காரனை வாசலில் நிறுத்துகிற சொல் எப்படிச் சரியாகும்? பத்திரிகைகளில் "பதின்ம வயது" ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. வகைப்பெயருக்குள் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான். 'மிஸ் கிரானி' பாட்டி 74-லிருந்து 20-க்குத்தான் போகிறாள். தெலுங்கில் சமந்தா நடித்த 'ஓ பேபி' (2019) அதன் மறுவாக்கம். இந்த இரண்டையும் வெளியே தள்ளிவிட்டு ஒரு வகைப்பெயர் இருந்து என்ன பயன்?

சரி, என் பரிந்துரை: மறுதாம்பு.

கரும்பு போடுகிற வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கரும்பை வெட்டியதும் கட்டையைத் தரையோடு தரையாகச் சீவிவிட்டுத் தண்ணீர் கட்டினால், புதுக் கரணை (விதைக்கரும்புத் துண்டு) ஊன்றாமலே அடிக்கட்டையிலிருந்து குருத்து கிளம்பும். அந்தப் பயிருக்குப் பெயர் மறுதாம்பு. வரப்பில் நடந்து போகிறவருக்கு இளங்கரும்பு நிற்கிறது என்றுதான் தோன்றும். குனிந்து தூரை விலக்கிப் பார்த்தால் கறுத்துப்போன போன வருஷத்துக் கட்டை தெரியும். மேலே எல்லாம் புதுசு, வேர் பழசு. 37 வயது அப்பன் 17 வயதில் பள்ளிக்கூட வராந்தாவில் நிற்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் பொருந்துகிறது. வெட்டு விழாமல் மறுதாம்பு கிடையாது. இந்தப் படங்களிலும் மாயத்துக்கு முன்னால் ஒரு வெட்டு இருக்கும். மைக்குக்கு வேலையும் வீடும் போகிறது. 'மிஸ் கிரானி' பாட்டியை முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது, அதன் பிறகுதான் அவள் போட்டோ எடுக்கப் போகிறாள். நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஆளுக்கு எந்த இளமையாக்கியும் வருவதில்லை. மறுதாம்பும் முற்றத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்கும் கடைசியில் 37-க்கே வருகிறான். பாட்டி பேரனுக்கு ரத்தம் கொடுத்துத் தன் வயதை வாங்கிக்கொள்கிறாள்.

வரப்போகும் ஆட்சேபங்களுக்கும் இப்போதே பதில்.

> கலைச்சொல் என்றால் பார்த்ததும் புரிய வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு மறுதாம்பு தெரியுமா?
> – தஞ்சாவூர் (முந்தைய இழையில், வேறொரு சொல்லுக்கு)

தெரியாதுதான் அண்ணே. "செயலி" வந்தபோதும் யாருக்கும் தெரியாது. கணினிக்குள் இருக்கிற சில்லுக்கு வைத்த பெயர், பிறகு கைப்பேசிக்குப் போய், இன்றைக்குக் காய்கறிக்காரர் வாயிலும் வருகிறது. சொல் சின்னதாக, வாய்க்கு வாகாக இருந்தால் பொருள் பின்னாலேயே வரும். இது நானாகச் செய்ததும் இல்லை, வேளாண்மை நூல்களிலும் வயலிலும் ஏற்கெனவே புழங்குகிற சொல். கரும்போடு படத்தை யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

மறுதாம்பில் மகசூல் குறையுமே, இரண்டாந்தரம் என்ற வாடை அடிக்குமே என்று நேற்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார். இந்த வகையில் வந்த படங்களில் பாதியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அடிக்கட்டும்.

வினைச்சொல்லுக்கும் கஷ்டமில்லை. "இடைவேளைக்கு முன்பே கதாநாயகி மறுதாம்பு விட்டுவிடுகிறாள்" என்று விமர்சனத்தில் எழுதலாம். "இளமை மீட்சியடைந்துவிடுகிறாள்" என்று எழுதிப் பாருங்கள், பேனா நகராது.

ஆளுக்குத்தான் பெயர் இடித்தது. மறுதாம்பன், மறுதாம்பி எல்லாம் பட்டப்பெயர் மாதிரி ஒலிக்கின்றன. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களைப் புரட்டினால் ஆண் பருவங்களுக்குப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று வரிசை இருக்கிறது. மீளி அதில் பாலனுக்கு அடுத்த சின்னப் பையன். "மீள்" என்ற வினையிலிருந்து பார்த்தால் திரும்பி வருகிறவர். இரண்டும் நமக்கு வேண்டியதே. பழைய நூல் ஆணுக்கு வைத்த பெயர் என்றாலும் இகரத்தில் முடிவதால் பெண்ணுக்கும் சொல்லலாம்: மைக் ஒரு மீளி, 'ஓ பேபி' சமந்தா ஒரு மீளி. விடலை என்று வைக்கலாமே என்று திருவாரூர் அக்கா எழுதியிருந்தார். பாட்டியல் விடலையைக் காளைக்கும் மேலே வைக்கிறது அக்கா. இன்றைய பேச்சில் அதற்கு இருக்கும் வசவுத் தொனி வேறு.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

மறுதாம்புப் படம் – வளர்ந்த ஒருவர், தன் நினைவும் சுற்றியுள்ள காலமும் மாறாதிருக்க, மாயத்தால் உடல் மட்டும் பதின்ம வயதுக்கோ இளம்வயதுக்கோ திரும்பி, அதை மறைத்து வாழ நேரும் நகைச்சுவைப் படவகை. அப்படித் திரும்பியவர் மீளி, திருப்பியவர் இளமையாக்கி. ஒப்பிடுக: கூடுபாய்ச்சல் படம்.

"மறைத்து வாழ நேரும்" என்ற பகுதி வரையறைக்குள் வேண்டுமா, விளக்கத்துக்குப் போகலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் இழுபறி. மன்னார்குடித் தங்கச்சிதான் பக்கத்தைத் தொடங்கியவர், அவர் முடிவு செய்யட்டும். காலம் திரும்பும் படங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கேயே போட்டால் கும்பகோணத்து ஐயா தலைப்பை விட்டு விலகுகிறோம் என்று கடிந்துகொள்வார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து