அறிவிக்கிற கூட்டம் ஒரு நம்பர், கண்ணுக்கு தெரியிற கூட்டம் இன்னொரு நம்பர், ஏன்?

மூணாவது_வரிசை:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி. இங்கிலாந்து ஃபுட்பால் பிரீமியர் லீக் மேட்ச்ல ரெண்டாவது ஹாஃப் நடக்கும்போது இன்னைக்கு கூட்டம் இவ்ளோன்னு ஒரு நம்பர் போடுவாங்கல்ல, அது கிட்டத்தட்ட ஸ்டேடியம் ஃபுல்லுன்ற மாதிரியே இருக்கு, ஆனா கேமரா மேல் அடுக்கு பக்கம் திரும்பினா கொத்து கொத்தா காலி சீட்டு. பொய்க்கணக்கா இது? இன்னொண்ணு, ஜெர்மனி கிளப் டார்ட்மண்ட் ஸ்டேடியத்துக்கு ஒரு இடத்துல 81,365னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 66 ஆயிரம் பக்கம்னு இருக்கு. ஒரே ஸ்டேடியம் எப்படிங்க சுருங்கும்?

கேட்_ஏழு:
பொய்க்கணக்குன்னு சொல்ல முடியாது ப்ரோ, அவங்க எண்ணுறதே வேற. அந்த நம்பர் பெரும்பாலும் வித்த டிக்கெட் கணக்கு, கேட்ல ஸ்கேன் ஆன தலைக்கணக்கு இல்ல. முழு சீசனுக்கும் சேத்து சீசன் டிக்கெட் வாங்கி வச்சிருக்கவர் ஒருத்தர் வீட்லயே உக்காந்து டிவில பாத்தாலும் அவர் வந்ததா தான் கணக்கு. டிவிக்காக மேட்ச திங்கட்கிழமை ராத்திரிக்கு தள்ளிட்டா, தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு திரும்பிப்போக டிரெய்ன் கிடையாது, சீட்டு காலியா கிடக்கும், ஆனா காசு ஏற்கனவே கிளப் கைக்கு போயாச்சு. இதனாலயே சில கிளப்ல இப்போ, சீசனுக்கு குறைஞ்சது இத்தனை மேட்ச் வரணும், இல்ல டிக்கெட்ட வேற யாருக்காவது மாத்திவிடணும், இல்லன்னா அடுத்த வருஷம் ரின்யூவல் கிடையாதுன்னு ரூல் வச்சிருக்காங்க. எனக்கு அது சரியான ரூல்னுதான் படுது, வெயிட்டிங் லிஸ்ட்ல வருஷக்கணக்கா நிக்கிறவன் இருக்கான்ல.

தலைகீழாவும் நடந்திருக்கு. 1950 உலகக்கோப்பைல ரியோவோட மரக்கானா ஸ்டேடியத்துல பிரேசில் உருகுவே ஆடின மேட்ச், டிக்கெட் கணக்கு 1,73,850, ஆனா உள்ள இருந்தது ரெண்டு லட்சத்த நெருங்கும்னு சொல்றாங்க.

தெற்கு_கேலரி:
டார்ட்மண்ட் கேள்விக்கு நான் சொல்றேன் நண்பா. அங்க தெற்கு ஸ்டாண்ட் முழுக்க நின்னு பாக்குற இடம், சுமார் 25 ஆயிரம் பேர் ஒரே சரிவுல நிப்பாங்க, மஞ்சள் சுவர்னு சொல்றாங்கல்ல, அது அதுதான். சாம்பியன்ஸ் லீக் மாதிரி மத்த நாட்டு கிளப்போட ஆடுற யூரோப்பியன் மேட்ச்னா எல்லாரும் உக்காரணும்னு ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ ரூல் இருந்துச்சு, அதனால அதே படிக்கட்டுல சீட்டு மாட்டுவாங்க, நின்னா ரெண்டு பேர் நிக்கிற இடத்துல சீட்டு போட்டா ஒருத்தர்தான், கெபாசிட்டி சர்ருனு இறங்கிடும். 2022-23ல இருந்து சோதனை முறைல சில நாடுகளுக்கு நிக்க அனுமதி குடுத்தாங்க, ஜெர்மனியும் அதுல உண்டு, அதனால இப்போ சாம்பியன்ஸ் லீக்லயும் 81 ஆயிரம் பேர் உள்ள போக முடியுது. பழைய வெப் பக்கத்துல இன்னும் பழைய நம்பரே கிடக்கும்.

இங்கிலாந்துல கதை வேற. 1989ல ஷெஃபீல்டு ஊர்ல இருக்க ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல வேலி போட்டு அடைச்ச பகுதிக்குள்ள ஜனங்கள விட்டு நெரிச்சு 97 பேர் செத்துப்போயிட்டாங்க, ரசிகர்கள் மேல தப்பே இல்லன்னு 2016 விசாரணைல தெளிவா சொல்லியாச்சு. அந்த விபத்த விசாரிச்சு அப்புறம் வந்த அரசாங்க டெய்லர் ரிப்போர்ட்டால மேல் ரெண்டு டிவிஷன்லயும் நிக்கிறதையே எடுத்துட்டாங்க. அங்க கெபாசிட்டிய கிளப் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது, எத்தனை பேர உள்ள வைக்கலாம், எத்தனை பேர் எவ்ளோ நேரத்துல வெளிய போக முடியும், இதுல எது குறைச்சலோ அதுதான் நம்பர், லோக்கல் கவுன்சில்தான் சேஃப்டி சர்டிபிகேட் குடுக்கும். வெளிய போற வழிக்கு 8 நிமிஷம்தான் உச்ச வரம்பு. சீட்டு எக்ஸ்ட்ரா இருந்தாலும் வழி குறுகலா இருந்தா அந்த சீட்ட விக்கவே முடியாது.

மூணாவது_வரிசை:
அருமையா சொன்னீங்க. அப்போ நின்னு பாக்குறதுக்குன்னு இப்ப வந்திருக்க, கம்பி வச்ச 'ரெயில் சீட்டால' இங்கிலாந்துல கெபாசிட்டி ஏறுமா?

தெற்கு_கேலரி:
ஏறாது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னாடி இடுப்பு உயரத்துல கம்பி, சீட்ட மடக்கி லாக் பண்ணலாம், ஆனா ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான்னு ரூல். கிடைக்கிறது பாதுகாப்பு, கோல் விழுந்தா முன் வரிசை மேல யாரும் சரிய மாட்டாங்க.

அவே_டே:
காலி சீட்டுக்கு இன்னொரு காரணம் யாருமே சொல்லல. ஹோம் ரசிகர்களுக்கும், வெளியூர் டீமுக்காக வர்ற எங்கள மாதிரி அவே ரசிகர்களுக்கும் நடுவுல சில வரிசைய மேல துணி போட்டு மூடிருப்பாங்க, ரெண்டு பக்கமும் கூட்டத்த பாத்துக்கிற ஸ்டூவர்ட் ஆளுங்க நிப்பாங்க, அந்த சீட்டெல்லாம் விக்கிறதே இல்ல. பிரீமியர் லீக்ல எங்களுக்கு 3,000 டிக்கெட், சின்ன கிரவுண்டா இருந்தா 10 சதவீதம். இங்கிலாந்தோட நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கப்னா 15 சதவீதம் வரைக்கும் கேட்கலாம், அதனால அன்னைக்கு மூடுற இடமே மாறிடும், அதே ஸ்டேடியத்துல கப் மேட்சுக்கு வேற நம்பர் வரும். அவே டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு 2016ல போராடி வாங்கினது, அத எந்த கிளப்பும் தொட விடக்கூடாது, எங்க மூலைல சத்தம் இல்லன்னா மொத்த ஸ்டேடியமும் செத்த மாதிரி ஆயிடும்.