கன்சர்வேட்டரி: கல்லூரியைப் பார்ப்பதா, ஆசிரியரைப் பார்ப்பதா?

வணக்கம். என் மகளுக்கு 17 வயது. 10 வருடமாக மேற்கத்திய வயலின் வாசிக்கிறாள். கன்சர்வேட்டரியில்தான், அதாவது மேற்கத்திய இசைக் கல்லூரியில்தான் படிப்பேன் என்கிறாள். எனக்கும் முழுச் சம்மதம்.

பிரிட்டன் என்றால் பெரும்பாலும் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் 1928 முதல் யாருக்கும் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் இடங்கள் மிகக் குறைவு. இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டோம்.

குழப்பமெல்லாம் ஆசிரியர் விஷயத்தில்தான். வாராவாரம் அவளுக்குத் தனியாகப் பாடம் எடுக்கப்போவது ஒருவர். அவரோடு ஒத்துப்போகாவிட்டால் கல்லூரிக்கு எவ்வளவு பெயர் இருந்து என்ன? விண்ணப்பிக்கும் முன்பே அவருக்கு எழுதி ஒரு சோதனைப் பாடம் கேட்கலாமா? அந்த மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும், வாசிப்புப் பதிவையும் சேர்த்து அனுப்பலாமா?

இன்னொன்று, ஆடிஷனின் முதல் சுற்றுக்கு அனுப்ப வேண்டிய வீடியோ. இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் பகுதி ஒன்றை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். போன் போதுமா, தனி மைக் வேண்டுமா? போனில் எடுத்தால் மெல்லிய இடங்களெல்லாம் அமுங்கிப்போகின்றன.

ஆடிஷனுக்குப் போய்வந்தவர்கள், பிள்ளைகளை அழைத்துப்போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இடம் கிடைக்காமல் போன அனுபவமும் எங்களுக்கு உதவும்.