பலாப்பலகை பிளக்க 14 அங்குல பான்ட்சோ: மூண்டில எதை எடுக்கலாம்?

தெஹிவளை_தச்சுமேசை

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக் கராஜில ஓய்வு நேரத்தில தச்சுவேலை செய்யிறன். டேபிள் சோவும் பிளேனரும் இருக்கு, இப்ப ஒரு பான்ட்சோ (ரெண்டு சில்லில வளையமா ஓடுற பிளேட்டால வெட்டுற வாள் மெஷின்) வேணும். மூண்டு மெஷின் பாத்து வச்சிருக்கிறன். கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்தா மூண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்குத்தான் வந்து நிக்குது. அதாலதான் முடிவெடுக்க ஏலாமல் இருக்கு.

என்ர வேலை என்னெண்டா, பலாப்பலகையை நடுவால பிளந்து, ரெண்டு பாதியையும் விரிச்சுப் பொருத்தி நகைப்பெட்டி மூடியும் சாமியறைக் கதவும் செய்யிறது. பலகை 8, 9 அங்குல அகலம். மற்றது கதிரைக் கால், முதுகுச் சட்டம் எண்டு வளைவு வேலை. இடைக்கிட முதிரையும் வரும்.

1. பழைய சோனகத் தெருவில பாத்தது. வார்ப்பிரும்பு உடம்பு, 14 அங்குலச் சில்லு, 1 எச்பி. வெட்டு உயரம் 6 அங்குலம். ரைசர் பிளாக் (ரெண்டு துண்டா இருக்கிற உடம்புக்கு நடுவில செருகி உயர்த்துற துண்டு) போட்டா 12 ஆகுமாம். பிளாக் இப்ப கையிருப்பில இல்லை, எடுப்பிச்சுத் தரலாம் எண்டினம்.

2. இன்னொரு கடையில ஸ்டீல் பிரேம், அதுவும் 14 அங்குலம், 1.5 எச்பி, வெட்டு உயரம் 12 அங்குலம். பெயர் நான் கேள்விப்படாத பெயர்.

3. ரொறன்ரோவில இருக்கிற அண்ணா ரைக்கன் 10-326 அனுப்புறன் எண்டுறார். 1.75 எச்பி, வெட்டு உயரம் 13 அங்குலம். மோட்டர் 115/230, உள்ளுக்க வயரை மாத்தினா இங்க ஓடும் எண்டு சொல்லுறார்.

மனசு மூண்டாவதிலதான் நிக்குது. பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வத்தளை_மோட்டர்வேலை

தம்பி, அண்ணா சொன்னது பாதி சரி. வோல்ட்டுக்கு வயரை மாத்தலாம், ஹேர்ட்ஸுக்கு (கரண்ட் செக்கனுக்கு எத்தனை தரம் மாறி மாறி ஓடுது எண்ட கணக்கு) மாத்த ஏலாது. கனடாவில 60, எங்கட லைனில 50.

வேகம் குறையும். நிமிசத்துக்கு 1725 சுத்துற மோட்டர் இங்க 1440 அளவில நிக்கும். பிளேட் நிமிசத்துக்கு 3000 அடி ஓடவேண்டிய மெஷினெண்டா 2500 அடியில ஓடும். அதைக்கூடச் சமாளிக்கலாம், மரம் வெட்டும். சூடுதான் பிரச்சினை. 60 ஹேர்ட்ஸுக்குச் சுத்தின மோட்டருக்கு 50 இல அதே 230 வோல்ட்டைக் குடுத்தா, அதுக்குரிய அளவைவிட 20 வீதம் கூடக் குடுத்த கணக்கு. இரும்புக் கோர் நிரம்பி, வெறுமனே ஓடேக்கயே கரண்டை இழுத்துச் சுடும்.

இன்னொண்டும் இருக்கு. சிங்கிள் பேஸ் மோட்டரில ஸ்டார்ட் சுருளைக் கழட்டி விடுற சுவிச் ஒண்டு பின்மூடிக்குள்ள இருக்கும். 60 ஹேர்ட்ஸ் மோட்டரில அது 1800 இன்ர முக்கால் பங்கு வேகத்தில, அதாவது 1350 சுற்றுக்கு மேலதான் திறக்கும். இங்க முழு வேகமே 1440 எண்டா இடைவெளி எவ்வளவு எண்டு பாருங்கோ. 9 அங்குலப் பலாவுக்குள்ள தள்ளி, வேகம் கொஞ்சம் விழுந்தா சுவிச் திரும்ப ஒட்டும். அந்த மெல்லிய சுருள் சில நிமிசத்தில கருகிடும். மூடியைக் கழட்டினா ஸ்டார்ட் சுருள் மட்டும் கறுத்து, மற்றது புதுசா இருக்கும். அப்பிடி வாற மோட்டர்களில கனக்க, ஆக்கள் ஆசையாக் கொண்டுவந்த மெஷின்களின்ர மோட்டர்தான்.

ரைக்கன் நல்ல மெஷின், அதில சந்தேகமில்லை. நான் சொல்லுறது மோட்டரைப் பற்றி மட்டும்.

கொட்டாஞ்சேனை_மரம்

2. யோசிக்க வேண்டாம்.

மொறட்டுவைப்_பக்கம்

தம்பி, பெயரைப் பாக்கிறதுக்கு முதல் உங்கட பலகையைப் பாருங்கோ. 9 அங்குலம் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். முதலாவது மெஷின் 6 அங்குலத்தோட நிக்குது. கையில இல்லாத ரைசர் பிளாக்கை நம்பிக் காசு குடுக்கக் கூடாது.

பிளாக் வந்தாலும் யோசிக்க விசயம் இருக்கு. அந்த வார்ப்பிரும்பு அமைப்பு அமெரிக்காவில 1930களில டெல்டா கொம்பனி கொண்டுவந்த அச்சு. அதைத்தான் இண்டைக்கும் கன பேர் வார்க்கினம். 6 அங்குல வேலைக்கு அது அருமையான மெஷின், சத்தம் குறைவு, அதிர்வு குறைவு. ஆனா ரெண்டு துண்டையும் கழட்டி நடுவில பிளாக்கைச் செருகி ஒரு பொல்ட்டால முறுக்கின பிறகு, பிளேட்டை இழுக்க இழுக்க மேல் கை கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்கு வளையும். கண்ணுக்குத் தெரியாது, வெட்டில தெரியும். அகலப் பலகை பிளக்கிறதுக்கு முக்கியம் பிளேட்டின்ர இழுவை. இழுவை காணாட்டி பிளேட் மரத்துக்குள்ள வயிறு வைக்கும். மேலயும் கீழயும் கோட்டில நிக்கும், நடுவில ஒரு நூல் ரெண்டு நூல் தள்ளிப் போயிருக்கும். உங்கட மாதிரி விரிச்சுப் பொருத்துற வேலைக்கு அப்பிடிப் பிளந்த பலகையை பிளேனரில போட்டுச் சமப்படுத்தினா, ரெண்டு பக்கத்து ரேகையும் ஒண்டோட ஒண்டு சேராது. மூடியின்ர அழகே அந்த ரேகைதானே. சாதாரண காபன் பிளேட்டுக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 15,000 இறாத்தல் அளவில இழுக்கச் சொல்லுறது வழக்கம். ஸ்டீல் பெட்டியா ஒட்டின பிரேம் அரை அங்குல பிளேட்டை அந்த அளவுக்குத் தாங்கும். ரைசர் போட்ட வார்ப்பிரும்பு கஷ்டப்படும். 1 எச்பியும் 9 அங்குலப் பலாவுக்கு இழுபறிதான்.

பிளேட்டைப் பற்றியும் சொல்லுறன். மெஷினை விட அதுதான் கூட வேலை செய்யுது. பலகை பிளக்க அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல், கொக்கிப் பல். பல்லுக்கு இடையில பள்ளம் பெரிசா இருந்தாத்தான் தூளை வெளியில கொண்டுவரும். பல் கூடினா நேரா வெட்டும் எண்டு நினைச்சு 10 பல் போட்டால் பள்ளம் நிரம்பி, சூடாகி, பக்கத்தால ஓடும். தடிப்பு 0.025 அங்குலத்துக்கு மேல வேண்டாம். 14 அங்குலச் சில்லில 0.032, 0.035 எல்லாம் வளைஞ்சு நிமிர்ந்து கெதியா வெடிக்கும். கதிரைக் காலுக்கு கால் அங்குலம் தனியா வையுங்கோ. அது கிட்டத்தட்ட முக்கால் அங்குல ஆரைக்குத் திரும்பும், அரை அங்குலத்துக்கு இரண்டரை அங்குல ஆரை வேணும்.

முதிரையெண்டா காபன் பல் கனநாள் தாங்காது. பைமெட்டல் (பல்லுக்கு வேற கடின உலோகம் ஒட்டின பிளேட்) பாருங்கோ.

தெஹிவளை_தச்சுமேசை

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. மோட்டர் விசயம் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

மூண்டாவதைக் கைவிட மனமில்லாமல் ஒரு கேள்வி. அண்ணா மெஷினை அனுப்பட்டும், இங்க 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் மோட்டர் ஒண்டு வாங்கிப் போட ஏலாதா?

வத்தளை_மோட்டர்வேலை

ஏலும். ஆனா அங்கத்தைய மோட்டரின்ர தண்டு பெரும்பாலும் அங்குலக் கணக்கு, எட்டில அஞ்சு அங்குலம், 16 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இங்க கிடைக்கிற 1.5 எச்பி மோட்டர் மில்லிமீற்றர் கணக்கு, 19 அல்லது 24. புல்லியை லேத்தில கடைய வேணும், கால் பொல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேணும், வேகம் சரிவர புல்லி அளவையும் மாத்த வேணும். எல்லாம் செய்யிற ஆக்கள் கொழும்பில இருக்கினம். அந்தச் செலவையும் சேர்த்தா உங்கட மூண்டு விலையும் ஒரே விலை இல்லை.

எதை எடுத்தாலும் போர்டில இருந்து தனி லைன் இழுங்கோ, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். ஓடேக்க 13 ஆம்பியர் சதுரப் பிளக் 1.5 எச்பிக்குக் காணும். ஸ்டார்ட் ஆகேக்கதான் அஞ்சாறு மடங்கு இழுக்கும். டைப் பி எம்சிபி (கரண்ட் கூடினா தானா விழுற சுவிச்) 3 இலிருந்து 5 மடங்குக்குள்ள விழுந்திடும். டைப் சி 5 இலிருந்து 10 வரைக்கும் பொறுக்கும், அதைப் போடச் சொல்லுங்கோ.

பழைய_சோனகத்தெரு_நாநா

வணக்கம் தம்பி. நான் ஹார்ட்வெயார் லைனில இருக்கிற ஆள். உங்கட ரெண்டு மெஷினும் எங்கட கடைச் சாமான் இல்ல, அதால பயமில்லாமச் செல்லலாம்.

கடைக்குப் போனா மூடியைத் திறக்கச் சொல்லுங்க. பிளேட்டைக் கழட்டி ரெண்டு சில்லையும் கையால சுத்துங்க. பக்கத்துக்கு ஆடுதா, மேலயும் கீழயும் ஏறி இறங்குதா பாருங்க. நேரான இரும்புச் சட்டம் ஒண்டை மேல் சில்லிலயும் கீழ் சில்லிலயும் சேத்து வச்சா நாலு இடத்திலயும் தொட வேணும். சில்லின்ட றப்பர் வாரை நகத்தால அமத்திப் பாருங்க. கனநாள் கிடந்த சாமான் எண்டா இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

பிறகு ஓட விட்டு மேசையில அஞ்சு ரூபாய்க் குத்திய விளிம்பில நிப்பாட்டுங்க. பத்து ரூபா வேண்டாம், அதுக்குப் பட்டை இரிக்கி, எப்படியும் நிக்கும். விழாம நிண்டா மெஷின் நல்லது.

சுவிச்சையும் பாருங்க. ஓடிக்கிட்டு இரிக்கேக்க பிளக்கை இழுத்திட்டுத் திரும்பப் போடச் செல்லுங்க. தானா ஓடத் தொடங்கினா அந்தச் சுவிச் சரியில்ல, மாத்தித் தரச் சொல்லுங்க. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின ஊர் இது. கரண்ட் வாற நேரம் பிள்ளைகள் கராஜில நிண்டா என்ன நடக்கும்?

மொறட்டுவைப்_பக்கம்

நாநா சொன்ன சுவிச் விசயத்துக்குக் கை தட்ட வேணும். குத்தி விசயத்தில மட்டும் நான் உடன்பட மாட்டன். குத்தி நிண்டா அதிர்வு இல்லை எண்டுதான் அர்த்தம், நேரா வெட்டும் எண்டு இல்லை. தம்பி, 9 அங்குலப் பலாத் துண்டு ஒண்டைக் கையோட கொண்டு போங்கோ. அரை அங்குல பிளேட்டைப் போடச் சொல்லி, ஓரத்தில கோடு கீறி, ஓர் அடி நீளம் பிளவுங்கோ. தள்ளாதீங்கோ, மரம் தானாப் போற வேகத்தில விடுங்கோ. பிளந்த முகத்தில சட்டத்தை நிமிர்த்தி வச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா வயிறு இருக்கா இல்லையா எண்டு தெரியும். கடைக்காரர் மாட்டன் எண்டா அந்த மெஷின் வேண்டாம்.

தெஹிவளை_தச்சுமேசை

போய்ப் பாத்திட்டன். ரெண்டாவது கடையில மறுப்புச் சொல்லேல்லை. கால் அங்குல பிளேட் போட்டபடி இருந்தது. அதில பிளந்தபோது நடுவில நல்லா வயிறு வச்சது, சட்டத்துக்குக் கீழால வெளிச்சம் தெரிஞ்சது. எனக்கு மனம் விட்டுப் போச்சு. கடைப் பொடியன் பொறுமையா அரை அங்குலத்தை மாட்டி, இழுவையைக் கூட்டி, மேல் கைட்டை (பிளேட்டை ஆடாமல் பிடிக்கிற பகுதி) பலகைக்கு மேல ஒரு விரல் இடைவெளிக்கு இறக்கி விட்டார். அதே மரம், அதே கோடு. இந்த முறை ஒரு கடதாசி போற இடைவெளிகூட இல்லை. முகம் கொஞ்சம் சொரசொரப்பு, அது பிளேனரில போயிடும். மோட்டர் திணறேல்லை.

பிளக்கை இழுத்துப் போட்டன், தானா ஓடேல்லை. அட்வான்ஸ் குடுத்திட்டன்.

இப்ப கவலை பிளேட். இதுக்கு 2560 மில்லிமீற்றர். கடையில இருக்கிறது எல்லாம் நெருக்கமான பல்லு. 3 பல்லு இல்லை.

மொறட்டுவைப்_பக்கம்

அப்ப அண்ணாவிட்ட மெஷினுக்குப் பதிலா பிளேட்டைக் கேளுங்கோ. 2560 மில்லிமீற்றர் எண்டா 100¾ அங்குலம், நீளத்தைச் சொன்னா ஒட்டிக் குடுக்கிற கடைகள் அங்க இருக்கு. மூண்டு வளையமா மடிச்சுக் கட்டினா சூட்கேஸின்ர அடியில தட்டையாப் படுக்கும். வாற ஆரிட்டயும் குடுத்து விடலாம், ஆனா கையில கொண்டு ஏற விடமாட்டினம், பெட்டியில போட வேணும். அரை அங்குலம் காபன் ரெண்டு, முதிரைக்கு பைமெட்டல் ஒண்டு எண்டு கேளுங்கோ.

காபன் பிளேட் ஒட்டு விட்டா எறியாதீங்கோ. ரெண்டு முனையையும் சாய்வா அராவி, ஒண்டின் மேல ஒண்டு படுக்க வச்சு, வெண்காரம் பூசி வெள்ளிப்பொடியால ஒட்டலாம். செட்டியார் தெருவில நகைக்கு ஒட்டுப் போடுற பத்தருக்கு இது சின்ன வேலை. ஒட்டின இடத்தைப் பிளேட்டின்ர தடிப்புக்கு அராவி எடுக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு சுற்றிலும் கைட்டில தட்டும். பைமெட்டலை இப்பிடி ஒட்ட வேண்டாம்.

பழைய_சோனகத்தெரு_நாநா

தெஹிவளை எண்டா கடல் காத்து. மேசை வார்ப்பிரும்பு, மறந்திடாதீங்க. வந்த அண்டைக்கே கொம்பனி எண்ணெயைத் துடைச்சிட்டு மெழுகு தேய்ங்க. பலாப் பிசின் பல்லில காய விடாம மண்ணெண்ணெய்த் துணியால துடையுங்க, பிளக்கைக் கழட்டிப்போட்டு. ரெண்டு மூண்டு நாள் ஓட்டாம இருந்தா இழுவையைத் தளர்த்தி விடுங்க.

தெஹிவளை_தச்சுமேசை

சரி நாநா, குறிச்சு வச்சிட்டன். அண்ணாவுக்கு நீளம் அனுப்பியாச்சு. மெஷின் திங்கள் வருது, எலெக்ட்ரீசியன் சனிக்கிழமை வந்து லைன் இழுக்கிறார்.