புதுப்பிப்பு: மாமியின் 'லண்டன் பார்சல்' காசுக்கு என்ன நடந்தது

முகநூலில் பழகிய 'லண்டன் டாக்டர்' அனுப்பின பார்சலுக்குச் சுங்கவரி என்று கல்லடியில் இருக்கிற எங்கட மாமி காசு கட்டி ஏமாந்ததைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "பொலிசுக்கு முதல் வங்கிக்கு ஓடுங்கள்" என்ற யோசனைதான். கடைசியாகக் கட்டின தொகை மட்டும் ஏமாற்றினவர்களின் கணக்கில் எடுபடாமல் கிடந்தது; வங்கியில் நிறுத்தி வைத்தார்கள். முந்தினதெல்லாம் போய்விட்டது. வைப்புச் சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தால், பெறுபவர் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு, எல்லாம் தனியாட்கள். சுங்கத் திணைக்களம் தனியாள் கணக்குக்குக் காசு போடச் சொல்லாது. இதை மட்டுமாவது வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பிறகு பொலிசில் முறைப்பாடு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி, அங்கே முதலில் கேட்டதே அதைத்தான். போலிக் கணக்கைப் பற்றி இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவித்தோம்.

எதிர்பாராதது ஒன்று: "காசை மீட்டுத் தாறோம், கட்டணம் மட்டும் போடுங்கோ" என்று இன்னொருவன் மாமிக்கு அழைப்பெடுத்தான். அதே கூட்டம்தான் என்று நினைக்கிறேன். உடனே தடுத்துவிட்டோம்.

நிறுத்தின காசை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டுமாம். வழக்குத் தவணைக்குக் காத்திருக்கிறோம்.