கரகம் பாலிக்கும் ஓடையில் குப்பை

குழு: பணியக்கணக்கு (மலையகத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) சொந்தங்கள்
செவ்வாய்க்கிழமை

குமார் (காலை 6:12)
[படம்] [படம்] [படம்]
கரகம் பாலிக்கும் (சாமிக் குடத்தை வேப்பிலை கட்டித் தயார் செய்யும்) இடத்தில் புல் செருக்கப் போனேன். பாருங்க.

லெட்சுமி சித்தி
ஐயோ கடவுளே

ரேவதி
நேற்று இராத்திரியா?

குமார்
ஞாயிற்றுக்கிழமை போனபோது இல்லை. பன்னிரண்டு உரப்பை. கோழி இறகு, குடல், பேம்பர்ஸ், சாப்பாட்டுத் தாள் எல்லாம். இரண்டு பை உருண்டு தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. ஒன்றை நாய் கிழித்துவிட்டது. மேல் ரோட்டு வளைவில் பட்டா லொறி டயர்த் தடம் இருக்கு.

சரோஜா அத்தை
வெள்ளிக்கிழமை கோயில் சாமி கும்பிடு. கரகம் எங்கே பாலிக்கிறது?

செல்வம் மாமா
ஸ்டோர் பக்கத்துத் தண்ணீர்ப் பீலியில் பாலிக்கலாம்.

சரோஜா அத்தை
எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்த ஓடைக் கல்லடிதான். மாற்ற முடியாது.

தினேஷ் (கொழும்பு)
பிரதேச சபைக்குப் போன் பண்ணுங்க.

குமார் (9:47)
பண்ணினேன். "தோட்டத்துக் காணி, துரையிடம் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். தோட்ட ஆபீசில் கேட்டால் "ரோட்டிலிருந்து கொட்டியது, சபையிடம் போ" என்கிறார்கள்.

மாஸ்டர் பெரியப்பா (10:05)
பிள்ளைகளே, பொறுமையாக வாசிக்கவும். "தோட்டத்துக் காணி" என்ற பதிலை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டங்களுக்கு வேலை செய்ய முடியாது என்று சபைகள் கைவிரித்தன. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தியாயிற்று. தோட்டத்துக்குள்ளும் சபை சேவை செய்யலாம். குப்பை அகற்றுவது சபையின் கடமை என்று அதே சட்டத்தின் 93ஆம் பிரிவு சொல்கிறது. போனில் சொன்னால் போனிலேயே போய்விடும். தவிசாளருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்க வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து இரண்டு வருடம் உறுப்பினரே இல்லாமல் கிடந்தோம். 2025 மே மாதம் வோட்டுப் போட்டோம். இப்போது கேட்க ஆள் இருக்கிறது, கேட்போம்.

தினேஷ் (கொழும்பு)
சரி பெரியப்பா

செல்வம் மாமா
சட்டம் இருக்கட்டும் மாஸ்டர். அள்ளுவது யார்?

லெட்சுமி சித்தி
வேப்பிலை யார் கொண்டு வருகிறீர்கள்? போன முறை கடைசி நேரத்தில் ஓடினோம்.

ரேவதி
மாத்தளையிலிருந்து இவர் வியாழக்கிழமை எடுத்து வருவார் சித்தி.

லெட்சுமி சித்தி
இரண்டு கட்டு சொல்லு. இங்கே குளிருக்கு ஒரு கன்றும் பிழைப்பதில்லை.

குமார் (10:31)
நாய் கிழித்த பையில் பில் புத்தகம் ஒன்று இருக்கு. கார்பன் தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, ஆனால் நீல எழுத்து தெரிகிறது. கடைப் பெயரும் மேலே அச்சடித்திருக்கு.

ரேவதி
பெயரை இங்கே போடாதே தம்பி!

மாஸ்டர் பெரியப்பா
ரேவதி சொல்வது சரி. புத்தகத்தை வீட்டுக்கும் எடுத்துப் போகாதே. கிடக்கிற இடத்திலேயே படம் எடு. பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டு அவர் கண்முன்னே எடுக்க வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போனால் "நீயே கொண்டுவந்து போட்டாய்" என்பார்கள். பி.எச்.ஐயோ பொலிஸோ அறிக்கை கொடுத்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். தண்ணீரில் கலந்ததால் 1980ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டமும் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி அனுப்புவோம். பார்த்த சாட்சி யாராவது இருந்தால் பெயரோடு முன்வர வேண்டும். அது இல்லாமல்தான் எல்லா முறைப்பாடும் செத்துப்போகிறது.

செல்வம் மாமா
எந்தக் கடை என்று எனக்குத் தெரியும். அன்னதானத்துக்கு மூன்று வருடமாக அரிசி தருகிறவர்.

சரோஜா அத்தை
அடப்பாவி. அரிசியும் தந்து சாமி தண்ணீரில் குடலும் போடுகிறானா?

செல்வம் மாமா
பெட்டிஷன் போனால் இந்த முறை அரிசி இல்லை. போன வருடம் கோயில் கணக்கைக் கேட்டுக் கூட்டத்தைக் கலைத்தவர்கள் அரிசிக்கும் வழி சொல்லட்டும்.

மாஸ்டர் பெரியப்பா
கணக்குக் கேட்டது தப்பா?

சரோஜா அத்தை
அண்ணே, செல்வம், இரண்டு பேரும் நிறுத்துங்க. கீழ் லயத்து வீட்டுக் குழாய் அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது. என் பேத்தி அதைத்தான் குடிக்கிறாள்.

ரேவதி
அங்கே நின்றுவிடவும் இல்லை. கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிற தண்ணீர்.

தினேஷ் (கொழும்பு)
2017 சித்திரை வருடப் பிறப்பன்று இங்கே மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்தச் சனமும் வருடக் கணக்கில் முறையிட்ட சனம்தான். விடாதீங்க.

லெட்சுமி சித்தி
ஒன்று சொல்லட்டுமா, கோபிக்காதீங்க. அந்தப் பேம்பர்ஸ் எல்லாம் கடைக்காரனுடையது இல்லை. நம் லயத்திலிருந்தும் அங்கேதான் போகிறது. சபை ட்ரக்டர் மேல் ரோட்டோடு போய்விடும், இங்கே இறங்குவதில்லை. கொழுந்துக்குப் போகிற பொம்பளை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்?

குமார்
உண்மைதான் சித்தி.

மாஸ்டர் பெரியப்பா
நல்ல கேள்வி லெட்சுமி. அதையும் அதே கடிதத்தில் எழுதுகிறேன். கிழமைக்கு ஒரு தடவை ட்ரக்டர் பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்) வரை இறங்க வேண்டும். கடையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாம் போடுகிறதை மறைத்தால் பி.எச்.ஐ முதல் நாளே கண்டுபிடிப்பார். எட்டுக் குடும்பமாவது கையெழுத்துப் போடுங்கள்.

ரேவதி
நான் போடுகிறேன்.

சரோஜா அத்தை
நானும்

குமார்
நான்

மாஸ்டர் பெரியப்பா
மற்றவர்கள்?

குமார் (பின்னேரம் 4:20)
பி.எச்.ஐ பேசினார். நாளை, இல்லாவிட்டால் நாளை மறுநாள் வருவாராம். அதுவரை ஒன்றையும் அசைக்க வேண்டாம் என்றார்.

சரோஜா அத்தை
வியாழன் வந்தால் எப்போது அள்ளி எப்போது மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறது?

செல்வம் மாமா
அதனால்தான் பீலி என்றேன்.

சரோஜா அத்தை
கல்லடி.

குமார் (5:38)
மழை பிடித்துவிட்டது. இன்னும் ஒரு பை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பில் புத்தகமும் கரைந்துவிடும் போல. மாமா, மூடிவைக்கக் கோயில் படங்கு எங்கே?

செல்வம் மாமா
சாவி என்னிடம். வருகிறேன், நீ கயிறு எடு.

மாஸ்டர் பெரியப்பா
செல்வம், கையெழுத்து?

செல்வம் மாமா
முதலில் மூடிவிட்டு வருகிறேன் மாஸ்டர்.

லெட்சுமி சித்தி
ரேவதி, மூன்று கட்டாகச் சொல்லு